பிஞ்சில்லாத பூ

"அம்மா, ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னைக்கே சொல்லிருங்க."

மலையடிவாரத்து மடத்தில் களஞ்சியமும் தோட்டமும் குற்றாலிங்கத்தின் பொறுப்பு. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றாத மனுஷர். எதிரே உட்கார்ந்திருந்த வடிவம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு.

"யாரைச் சொல்லுதீரு?"

"புதுசா வந்திருக்கானே மாடக்கண்ணு, அவனைத்தான். ஒரு சோலி பார்க்க மாட்டேங்கான். மடப்பள்ளியில பேசுதான், தொழுவத்துல பேசுதான், அங்கே கேட்டதை இங்கே சொல்லுதான். யாரோ அனுப்பிவிட்ட ஆளு. அவன் முழியே சரியில்ல."

"பூசணிக்கொடி எப்படி இருக்கு?"

இது என்ன கேள்வி! குற்றாலிங்கத்துக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் தோட்டம் என்றதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அங்கேயும் இதே கதைதான். சில பூவுக்கு அடியில பிஞ்சு இருக்கு. மிச்சமெல்லாம் வெறும் காம்பு. தண்டச்சோறு."

"அப்போ அதுகளை முதல்ல பறிச்சிரும். ஒரு பிஞ்சு பிடிச்சதும் மாடக்கண்ணையும் அனுப்பிருவோம்."

விடிந்ததும் குற்றாலிங்கம் கூடையோடு கிளம்பினார். தினமும் அதே வேலை. பூவைத் தூக்கித் தூக்கி அடியைப் பார்ப்பார். பிஞ்சு இல்லையா, பிடுங்கு! மடப்பள்ளியில் பூசணிப்பூ பஜ்ஜி மணத்தது. அவரும் ஆசையாகத் தின்றார்.

கொடியில் மிஞ்சிய பிஞ்சுகள் மஞ்சளாயின. அழுகின. உதிர்ந்தன.

மாடக்கண்ணுதான்! வெந்நீர் ஊற்றியிருப்பான், படுபாவி.

வேரைக் கிளறிப் பார்த்தார். வெள்ளையாக, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. தண்டைக் கீறினார். சாறு ஏறிக்கொண்டிருந்தது. இலை வெயிலில் விரிந்து தன் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தும் காய் பிடிக்கவில்லை என்றால்? ஆள் செய்த வேலையேதான்.

மாடக்கண்ணுவின் கையைப் பிடித்து இழுத்துவந்து குருவின் முன் நிறுத்தினார்.

"கொடிக்கு என்ன வச்சான்னு கேளுங்க இவன்ட்ட!"

மாடக்கண்ணு மிரண்டான். "நான் அந்தப் பக்கமே போகல, அண்ணாச்சி."

வடிவம்மை எழுந்து கொடியருகே போனார். குற்றாலிங்கத்தின் கூடையில் அன்று காலை பறித்த பூக்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து இதழைப் பிய்த்தார்.

"உள்ளே தொடும்."

தொட்டார். குற்றாலிங்கத்தின் விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது.

"அதே விரலால, பிஞ்சு இருக்கிற அந்தப் பூவுக்குள்ள தொடும்."

தொட்டார்.

"இந்தப் பொடி பட்டாத்தான் பிஞ்சு நிக்கும். பூவுக்குப் பூ சுத்துதே வண்டு, அதோட சோலி இது. அது வந்து வந்து பார்த்துட்டுத்தான் போச்சு. நீரு பொடியை எல்லாம் பஜ்ஜிக்குக் கொடுத்துட்டீரு."



சில நாளில் அந்த ஒரு பிஞ்சு மட்டும் தேங்காய் அளவுக்குத் திரண்டது. மாடக்கண்ணு துணிமூட்டையோடு வந்து நின்றான்.

"பிஞ்சு பிடிச்சிருச்சாம்லா, அம்மா. அப்போ நான் கிளம்புதேன்."

வடிவம்மை குற்றாலிங்கத்தைப் பார்த்தார்.

குற்றாலிங்கம் மூட்டையை வாங்கினார். முடிச்சு கைக்கு வரவில்லை, பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

"மடப்பள்ளிக்குப் போடா," என்றார். "தொழுவத்துல என்ன சேதின்னு அங்கே போய்ச் சொல்லு."