அட்ஜஸ்ட்டுக்கு ஒச்சப்பன் சொன்ன அர்த்தம்

இந்தக் காலத்து மனிதர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டுக்கு நாலாவது ஆள் வருவான். இடுப்பால் ஓர் இடி இடித்துவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பான். கல்யாண வீட்டில் பாயசம் தீர்ந்துபோனால் சமையல்காரனும் அதையேதான் சொல்வான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டுக்காரனும் அதையேதான் சொல்வான். சொல்கிறவன் எவனும் ஒரு விரற்கடை நகர்ந்து பார்த்ததில்லை. கேட்கிறவன்தான் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். கேட்டால், அது மரியாதையான வார்த்தை என்கிறார்கள். மரியாதையாம்!

இந்த நோய் நேற்று வந்ததல்ல. முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரக்கூடிய ஒரு ராஜ்யத்தில், ஒரு ராஜா இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் புதிதாக எது கண்ணில் பட்டாலும் பத்து நாளைக்கு அதைக் கட்டிக்கொண்டே திரிவார். கப்பலில் வந்த வெள்ளைக்காரன் ஒருவன் அவருக்கு ஆள் உயரக் கடிகாரம் ஒன்றைக் காணிக்கை கொடுத்திருந்தான். அது நாளுக்கு நாள் பின்தங்கி ஓடியது. அதைப் பார்க்க வந்த கடிகாரக்காரன் பின்பக்கக் கதவைத் திறந்து, ஒரே ஒரு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பினான். கடிகாரம் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது.

"என்ன செய்தாய்?" என்று ராஜா கேட்டார்.

"அட்ஜஸ்ட்" என்றான் அவன்.

ராஜாவின் நாக்கில் அந்த வார்த்தை வெல்லக்கட்டியாக ஒட்டிக்கொண்டது. அரைச் சுற்றில் கடிகாரம் சரியாகும் என்றால் ராஜ்யம் ஏன் ஆகாது? முதல் மந்திரியான பிரதானி வல்லபராயர் அதற்காகவே காத்திருந்தவர்போல, "அற்புதம் அரசே! இந்த ஒரு வார்த்தை போதும், குறை சொல்ல வருகிறவர்களே இருக்கமாட்டார்கள்" என்றார். மறுநாளே தண்டோரா போட்டார்கள். அட்ஜஸ்ட் என்று சொல்லப்பட்டால் கேட்டவர் மறுபேச்சுப் பேசாமல் அதன்படி நடக்க வேண்டும். மீறினால் கசையடி.

அந்தச் சபையில் ஒச்சப்பன் என்று ஒரு கிழவர் இருந்தார். எழுத்து என்றால் ஒன்றும் தெரியாது. இருபது வருஷம் பெரிய ராஜாவின், அதாவது இந்த ராஜாவுடைய அப்பாவின், பல்லக்கைச் சுமந்தவர். நடந்துகொண்டே அவர் அடித்த கிண்டலைத் திரைக்குள்ளிருந்து கேட்டுச் சிரித்த பெரிய ராஜா, அவரைப் பல்லக்குத் தண்டிலிருந்து விடுவித்துச் சபையில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து பிரதானி வம்சத்துக்கே அவர்மீது காய்ச்சல். கிழவரும் லேசுப்பட்டவர் இல்லை. யாராவது வணக்கம் சொன்னால், பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கை கூப்புவார்.

ஒரு நாள் அவர் பல்லக்குக் கொட்டடிக்குப் போனார். அவருடைய தங்கை மகன் விருமன் சட்டையில்லாமல் குத்தவைத்து, நொச்சி இலையை வதக்கித் தோளில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது? தோளா, நசுங்கின அத்திப்பழமா?"

"பின்னால நான் ஒருத்தன்தான மாமா. கூடத் தூக்குன சோணைக்குக் காலு முறிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. நாலு பேரு தூக்குறத மூணு பேரு தூக்குறோம்."

"வேற ஆளு போடச் சொல்லிக் கேட்டீகளா?"

"கேட்டோம். பிரதானி அட்ஜஸ்ட் பண்ணுன்னுட்டாரு. அதுக்கு மேல வாயத் திறந்தா கசையடி." விருமன் இலையைக் கீழே வைத்தான். "தெருவுல சமாளிச்சிரலாம் மாமா. பங்குனி உத்திரத்துக்கு மலைக்கோயில் போறாரே ராஜா, முந்நூறு படி. ஏறும்போது பாரம் பூராவும் பின்னால சாயும். என் தோளு விட்டுப்போச்சுன்னா ராஜா உருளுவாரோ என்னமோ, தண்டு மொதல்ல என் நெஞ்சு மேலதான் விழும்."

கிழவர் அவன் தோளை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். கொதித்தது. நேராகச் சபைக்குப் போனார்.

"மகாராஜா, பல்லக்குக்கு நாலாவது ஆளு வேணும்."

பிரதானி எழுந்தார். "அரசே, அதற்கு ஏற்கெனவே அட்ஜஸ்ட் என்று உத்தரவாகிவிட்டது. எழுத்து வாசனையில்லாத இவருக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியாது. தெரியாததை எதிர்க்கிறார். தெரியும் என்றால் தாங்கள் ஒப்பும்படி சொல்லட்டும். முடியாவிட்டால் உத்திரத்தன்று இவரே நாலாவது தோள் கொடுக்கட்டும். பழகிய தோள்தானே?"

சபை சிரித்தது. எழுபது வயதுக் கிழவர் தண்டு சுமப்பதை நினைத்து ராஜாவும் மீசைக்குள் சிரித்துவிட்டு, "நியாயம்தான். என்ன ஒச்சப்பரே, வெள்ளைக்காரன் வார்த்தைக்கு அர்த்தம் சொல்வீரா?" என்றார்.

"வெள்ளைக்காரன் அர்த்தம் வெள்ளைக்காரன்கிட்ட கேளுங்க. இங்க அன்னாடம் அது என்ன பண்ணுதுன்னு நான் சொல்றேன். ஆனா இங்க வேணாம், உத்திரத்தன்னைக்குப் படியில சொல்றேன். ஒரு சந்தேகம் மகாராஜா. அந்த வார்த்தையைச் சொன்னா மறுபேச்சுப் பேசக்கூடாதுங்கிற உத்தரவு எல்லாருக்கும்தானா?"

"எல்லாருக்கும்தான். சொன்னவர் யார், கேட்டவர் யார் என்ற பேதமே இல்லை" என்றார் ராஜா பெருமையாக.

"அது போதும்" என்றார் கிழவர்.

உத்திரத்தன்று காலை மலையடிவாரம் முழுக்கக் கூட்டம். ராஜா பட்டுத் திண்டில் சாய்ந்து, வாள், வெற்றிலைப் பெட்டி, வெள்ளிப் படிக்கம் எல்லாவற்றோடும் பல்லக்கில் ஏறினார். முன்னால் இரண்டு பேர், பின்னால் விருமன். பக்கத்தில் பிரதானி கை வீசி நடந்தார். மறுபக்கம் ஒச்சப்பன். பத்துப் படி ஏறியதும் விருமனின் கழுத்து நரம்பு புடைத்தது. கிழவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்கடா. மகாராஜா, அந்தத் திண்டை வெளிய கொடுங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட்."

ராஜா திரையை விலக்கிப் பார்த்தார். "யாரைப் பார்த்துச் சொல்கிறீர்?"

"பேதமே இல்லைன்னீங்களே."

 ராஜாவின் கை வாள் பிடியில் இருந்தது. தன் வாயால் போட்ட உத்தரவு. ஊரே நின்று பார்க்கிறது. பிறகு கையை எடுத்து, திண்டை நீட்டினார்.

"பிரதானி, புடிங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட்."

இருபதாம் படியில் வெற்றிலைப் பெட்டியும் வாளும் இறங்கின. முப்பதில் படிக்கம். எல்லாம் பிரதானியின் கைக்குத்தான் போயின. "அரசே, இது அவமதிப்பு!" என்று அவர் அலறியபோது படிக்கம் சாய்ந்து, வெற்றிலை எச்சில் அவர் வேட்டியில் சிவப்பாக வழிந்தது.

நாற்பதாம் படியில் கிழவர், "இன்னும் பின்னாலதான் பாரம் இருக்கு. முன்னால நகந்து உக்காருங்க மகாராஜா" என்றார். ராஜா நகர்ந்தார். அறுபதில், "இன்னுங்கொஞ்சம்." ராஜா முன் விளிம்புக்கு வந்து முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டார். கூரை தலையில் இடித்தது. "தலைப்பாகையை எடுத்திருங்க. கழுத்தைக் கொஞ்சம் மடக்கிக்குங்க. அட்ஜஸ்ட்." படியோரம் உட்கார்ந்திருந்த பூக்காரி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "ராஜா வர்றாருன்னாங்க, மூட்டையில்ல வருது!" என்றாள்.

நூறாவது படியில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "போதும். இறக்குங்கள்."

பல்லக்கை இறக்கினார்கள். ராஜா வெளியே வந்தபோது அவருக்குத் தலை நிமிரவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே கேட்டார்: "இதுதான் அர்த்தமா?"

"இதேதான் மகாராஜா. கடிகாரக்காரன் ஆணியைத் திருகுனான், முள்ளு சரியாச்சு. இங்க ஆணியை யாரும் தொடல. மனுசனைத் திருகுறோம். மேல இருக்கவன் சொல்லுவான், கீழ இருக்கவன் சுருங்குவான். அது எப்பவும் ஒரே பக்கமாத்தான் ஓடும். இன்னைக்கு நூறு படி மட்டும் மாத்தி ஓட்டிக் காட்டுனேன். அதுவே உங்களுக்குத் தாங்கல." கிழவர் விருமனின் பக்கம் திரும்பினார். "டேய், சும்மாட்டை எடு."

விருமன் தோளில் மடித்துப் போட்டிருந்த துணியை எடுத்தான். அது தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் முதுகில் கோடாக இறங்கியது. 

ராஜா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "எத்தனை நாளாக?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசம் சாமி."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

விருமன் மாமாவைப் பார்த்தான். நீயே சொல் என்று மாமா மோவாயை ஆட்டினார். அவனே, "சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சாமி தண்டோரா போட்டீங்க" என்றான்.

 ராஜா மிச்சம் இருநூறு படியையும் நடந்தே ஏறினார். காலிப் பல்லக்கு அங்கேயே கிடக்க, கிழவரும் விருமனும் பின்னால் ஏறினார்கள்.

உச்சிக்குப் போய், கும்பிட்டு முடித்துத் திரும்பியபோதுதான் பிரதானி கண்ணில் பட்டார். ஒரு கக்கத்தில் திண்டு, இன்னொன்றில் வாள், தலையில் ராஜாவின் தலைப்பாகை, ஒரு கையில் வெற்றிலைப் பெட்டி, மறு கையில் படிக்கம். மூச்சு வாங்கியது. ராஜாவுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கழுத்து சுளுக்கி வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"பிரதானி, இறங்கும்போதும் அவை உம்மிடமே இருக்கட்டும்" என்றார். அங்கேயே மூன்று உத்தரவு பிறந்தது. தண்டோரா ரத்து. பல்லக்குக்கு இனி ஆறு பேர், மாற்றித் தூக்க. விருமனுக்கும் சோணைக்கும் உடம்பு தேறும் வரை அரண்மனை வைத்தியமும் சாப்பாடும். பிறகு தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிக் கிழவரின் கையில் போட்டார்.

"இனி என் ராஜ்யத்தில் கீழே இருப்பவன் சுருங்கமாட்டான். நம்புகிறீரா ஒச்சப்பரே?"

கிழவர் காப்பைக் கடித்துப் பார்த்தார். ராஜாவின் சாய்ந்த தலையையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்பக் கழுத்து வலிக்குது மகாராஜா, அதனால சொல்றீங்க. வலி போனதுக்கப்புறம் ஒரு தடவை சொல்லுங்க. அப்பக் கேட்டுக்கறேன்."

விருமனின் நல்ல தோளில் கையை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஒவ்வொரு படியாக அவர் இறங்கிப் போனார்.