மழவராயர் தலையில் ஏறிய அண்டா

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத முன்னொரு காலத்தில், அதிரூபவர்மர் என்றொரு ராஜா இருந்தார். ஒருநாள் காலை மாடியில் நின்று பல் துலக்கும்போது, மேகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மலையுச்சி அவர் கண்ணில் பட்டது. அங்கே உட்கார்ந்து சுடச்சுட வெண்பொங்கல் சாப்பிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மலைக்குப் போவது ஒற்றையடிப் பாதை. யானை ஏறாது, மாடு ஏறாது. அரண்மனைச் சமையலறையிலோ அண்டா, தவலை, உருளி, கொப்பரை என்று ஒரு தேர் கனத்துக்குப் பாத்திரம்! எதைக் கொண்டுபோவது என்று சபை கூடி யோசித்தது.

விகடகவி வேம்பையன் எழுந்தான். ஆள் ஒல்லி; சால்வை போர்த்தினாலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான்.

"மகாராஜா, ஒரு வெண்கலப் பானை, ஒரு கரண்டி போதும். கரண்டிக் காம்பில் பாதியை அறுத்துவிட்டால் இன்னும் லேசு. பானை மூடியே தட்டு."

பிரதானி மழவராயருக்கு வேம்பையனைக் கண்டாலே ஆகாது. "பிரபு! தங்கள் சமையலறையை இவன் பரதேசி மூட்டையாக்கப் பார்க்கிறான். ஒரு கரண்டியும் குறையக் கூடாது. சேவகனோ சிப்பாயோ கூலியாளோ சுமக்கவும் கூடாது. கனம் குறைக்கத் தெரிந்தவன் இவன்தானே? இவனே கொண்டுவந்து சேர்க்கட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "ஒரு பாத்திரம் குறைந்தாலும், வேம்பையா, நீ நாட்டை விட்டே போக வேண்டியதுதான்."

வேம்பையன் சமையலறைக்குப் போய் அண்டாவைத் தூக்கிப் பார்த்தான். அது அசையவில்லை, அவன்தான் உள்ளே விழுந்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதான். அழுகை எதிரொலித்து ஊரே அழுவதுபோல் கேட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததும் யோசனையும் வந்தது.

நேரே ஆஸ்தான ஜோசியரிடம் போனான். "யாரிடமும் சொல்லாதீர்கள், சுவாமி. மலைமேல் யார் தலையில் பெரிய பாத்திரம் இருக்கிறதோ, அவரே மன்னரின் உணவுக்கு மிக அருகில் இருப்பார்."

ஜோசியர் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாரிடமும் சொன்னார். காதுக்குக் காது போனதில் 'உணவுக்கு' உதிர்ந்து, 'மன்னருக்கு மிக அருகில்' என்பது மட்டும் மிஞ்சியது. மறுநாள் விடிவதற்குள் பிரபுக்கள் சமையலறையில் முட்டி மோதினார்கள். ஜோசியர் உருளியைக் கவிழ்த்துக்கொண்டார். புலவர் மார்பில் தோசைக்கல்லைக் கட்டிக்கொண்டார். கரண்டிகளை இடுப்பில் வாள்போல் செருகினார்கள். மழவராயருக்குத் தான் விரித்த வலை மறந்தே போயிற்று; ஜோசியர் தலை தன் தலையைவிடப் பெரிதாகத் தெரிந்ததுதான் கண்ணை உறுத்தியது. அண்டாவுக்குள் தோள்வரை புகுந்துவிட்டார்.

கடமுடவென்று ஊர்வலம் மலையேறியது. கடைசியில் வெறுங்கையோடு வந்தான் வேம்பையன்.

உச்சியில் ராஜா முகம் சிவந்தது. "உன்னைக் கொண்டுவரச் சொன்னால், என் பிரபுக்களைச் சுமக்க வைத்திருக்கிறாயே!"

"அதானே!" என்று அண்டா அதிர்ந்தது.

"யாரும் சுமக்கவில்லை, பிரபு. தரித்து வந்தார்கள். எனக்கு ஒரு சந்தேகம். தங்கள் தலையிலுள்ள கிரீடத்தைத் தாங்கள் அணிந்திருக்கிறீர்களா, சுமக்கிறீர்களா?"

"சும..." என்று தொடங்கிய ராஜா, "அணிந்திருக்கிறேன்!" என்று சட்டென்று திருத்திக்கொண்டார்.

"மன்னருக்கு அருகில் என் இடம் எங்கே?" என்றது அண்டா.

"உணவுக்கு அருகில் என்றுதான் சொன்னேன், பிரதானியாரே. அடுப்பு மூட்டியாயிற்று. அண்டாவில் வெந்நீர் வைக்க வேண்டும்; தாங்கள் வெளியே வருகிறீர்களா, உள்ளேயே இருக்கிறீர்களா?"

மழவராயர் துள்ளினார். அண்டா கழலவில்லை. நாலு பேர் காலைப் பிடித்திழுத்து, பொங்கலுக்கு வைத்திருந்த நெய்யை ஊற்றியபிறகே வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பொங்கல் வெந்தது ஒரே ஒரு வெண்கலப் பானையில்தான். ராஜா அதன் மூடியிலேயே வாங்கி, நெய்யில்லாமலே இரண்டு தரம் சாப்பிட்டார். பிறகு கழுத்திலிருந்த பொன்னாரத்தைக் கழற்றி நீட்டினார்.

வேம்பையன் பின்வாங்கினான். "ரொம்பக் கனம், பிரபு! அடிவாரம் வரை தாங்களே அணிந்திருங்கள்."

ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார். வேம்பையனின் ஆரத்தைத் தானே பத்திரமாக அணிந்துகொண்டு மலையிறங்கி, அடிவாரத்தில் அதை அவன் கழுத்தில் போட்டார். வேம்பையன் ஒரு பக்கம் சாய்ந்தபடியே வீடு போய்ச் சேர்ந்தான்.