அழிய மறுத்த ஃபைல்

வேதமுத்து சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. ஒரு ஃபைல் சரியாக அந்த நிமிடத்தில் திறந்திருந்தது என்பது, கதைக்காகவே யாரோ திறந்து வைத்ததுபோல் இருந்தது.

அவர் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். வேலை கற்றுக்கொடுத்தவர் பர்வீன். இவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மேடம்தான்.

ஒரு மத்தியானம் வேதமுத்து பர்வீனின் கடைக்கு வந்தார்.

“மேடம், டெம்ப் ஃபோல்டர்ல இருக்கிறதையெல்லாம் அழிக்கலாம்தானே?”

“அழிக்கலாம்.” பர்வீன் ஒரு பழைய மெஷினைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“அழிச்சிட்டேன்.”

“அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

கண் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் பதிவேடு கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. இடமில்லை என்றது. பார்த்தால் டிஸ்க்கில் பாதி காலி.

“மண்டபம் காலியா இருந்தா ஆச்சா? பந்தி போடற இடம் நிறைஞ்சிருக்கும்.”

“அதேதான் மேடம். எல்லா ரூமுக்கும் பொதுவா ஒரு டெம்ப் ஃபோல்டர். அதுல நாற்பதாயிரம் ஃபைல். மொத்தமா அழிச்சேன். ஒண்ணு மட்டும் போகலை.”

அது என்னவென்று வேதமுத்து அங்கேயே பார்த்திருந்தார். கருவிழிக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல். பதினோரு வருடப் பட்டியல். வேறெங்கும் நகல் இல்லை. அடுத்த அறையில் செங்கமலம் என்ற ஊழியர் அதைத் திறந்து, புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“போயும் போயும் இதுல ஏம்மா வச்சீங்கன்னு கேட்டேன். ‘டெம்ப்னு போட்டிருந்துச்சு சார். நான் டெம்பரரிதானே. பெர்மனன்ட் ஆளுங்க ஃபோல்டர்ல நான் எப்படி வைக்கிறது’ன்னாங்க.”

“எத்தனை வருஷமா டெம்பரரி?”

“பதினொண்ணு.”

பர்வீன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் செஞ்சேன் மேடம். எது தற்காலிகம், எது இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அதை அழிக்கப் போனப்போ கம்ப்யூட்டர் என்ன சொல்லுச்சு?”

“இந்த ஃபைல்ல ஒருத்தர் வேலை செஞ்சுக்கிட்டிருக்காருன்னு.”

“அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

வேதமுத்து எப்போதும் இந்த இடத்தில்தான் கதையை நிறுத்துவார். நானும் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். போன மாதம் எழுந்திருக்கவில்லை. கேட்டேன்:

“திறந்திருந்த ஃபைல் தப்பிச்சுது, சரி. அந்த ஆஸ்பத்திரில டெம்பரரி, செங்கமலம் ஒருத்தர்தானா?”