வியாகுலத்தின் காலிடுக்குக்கு ஓர் ஆள்

கோரைத்துறைக்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். குடை நனைந்துவிடக் கூடாதே என்று மழையில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவர்களைக் கெட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது? அந்த ஊருக்கும் ஒரு கால்பந்து அணி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லலாம். ஆடியது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடற்கரையோரத்து ஏழு ஊர்கள் சேர்ந்து வருடா வருடம் ஏழூர்க் கோப்பை நடத்தின. போன வருடம் கோரைத்துறை ஆடிய ஆட்டம் ஆறு, தோற்றதும் ஆறு. வாங்கிய கோல் அறுபத்தொன்று. போட்டது ஒன்று. அதையும் தங்கள் வலைக்குள்ளேயே போட்டதால் அது அந்த அறுபத்தொன்றில் அடங்கிவிட்டது.

ஏழூர்க் கமிட்டிக்கு இளகிய மனசு. கோப்பை தொடங்குமுன், சொந்தமாக அணி இல்லாத ஊர்ப் பையன்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். ஊருக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளலாம், ஒரு வருடத்துக்கு. போன முறை கடைசியில் வந்த ஊருக்கு முதல் கை. எடுத்த ஊர் சொன்ன இடத்தில்தான் பையன் ஆட வேண்டும். மாட்டேன் என்றால் மறு வருடம் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது.

முதல் கை ஆறு வருடமாகக் கோரைத்துறைக்குத்தான். ஒரு வருடம் நன்றாகப் பாட்டுப் பாடுகிறவனை எடுத்தார்கள். இன்னொரு வருடம், சொந்தப் பந்து வைத்திருக்கிறான் என்று ஒருவனை எடுத்தார்கள். இந்த வருடம் அப்படி ஏமாறக் கூடாது, எந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று தீர யோசித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று தலைவர் ராயப்பன் உத்தரவு போட்டார். ராயப்பனுக்கு இரண்டு விசைப்படகு உண்டு. பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆகவே தலைவர்.

உத்தரவைக் கேட்டதும் பயந்துபோனவன் வியாகுலம்தான். பதினோரு வருடமாக அவன்தான் கோல்கீப்பர். ஊரில் அவனை ‘கோலி’ வியாகுலம் என்பார்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோரைத்துறையில் வியாகுலம் என்ற பெயரில் நான்கு பேர். ஒருவனுக்குப் படகு இருந்தது, ஒருவனுக்கு மீசை இருந்தது, ஒருவனுக்கு மாமனார் இருந்தார். இவனிடம் இருந்தது அந்தக் ‘கோலி’ மட்டுமே. புதுக் கோல்கீப்பரை எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும். அப்புறம் யாராவது “வியாகுலம்” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட அவனுக்கு உரிமை இல்லை.

வலை பின்னுகிற கொட்டகையில் கூட்டம் கூடியது. தலைவர் ராயப்பன், சட்டப் புத்தகமும் கையுமாகவே திரிகிற செயலாளர் கிளாரன்ஸ், கேப்டன் பயஸ், வியாகுலம் என்று நாலு பேர்.

“கோல் போடுதவன் வேணும். போடாம எப்படி ஜெயிக்க?” என்றார் ராயப்பன்.

“அவன் முன்னால போய்ல்லா நிப்பான் தலைவரே,” என்றான் பயஸ். “போன வருசம் நம்ம பந்து நடுக்கோட்டைத் தாண்டுனது நாலு தடவ. அதுல ஒண்ணு காத்து. பாவம், அந்தப் பய தனியா அங்க நின்னுக்கிட்டு என்ன செய்வான்?”

ஒருவனைத் தனியாக நிறுத்துவது பாவம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

“அப்பம் பின்னால தடுக்குதவன எடுப்போம்,” என்றார் ராயப்பன்.

“எடுக்கலாம். ஆனா முன்னால ஆள் நின்னா வியாகுலத்துக்குப் பந்து தெரியாதே,” என்றார் கிளாரன்ஸ்.

“தெரிஞ்சப்ப மட்டும் என்னத்தக் கிழிச்சான்?” என்றான் பயஸ்.

எல்லோருடைய கண்ணும் மெதுவாக வியாகுலத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அவன் அவசரமாக வாயைத் திறந்தான்.

“நமக்கு எதுக்கு வீண் சண்டை? விவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட கேட்டுப்பிடுவோம்.”

விவரம் தெரிந்த ஆள் நாகர்கோவிலில் இருந்தார். தேவசகாயம் மாஸ்டர், ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர். போனில் பிடித்தார்கள். அவர் பேரன் பிறந்தநாள் விழாவில் இருந்ததால் இரண்டே வாக்கியம் சொன்னார்: “கோல் எந்த வழியா அதிகமா உள்ள போவுதுன்னு பாருங்க. அந்த இடத்துக்கு மொதல்ல ஆள் எடுங்க.” சொல்லிவிட்டு கேக் வெட்டப் போய்விட்டார்.

கிளாரன்ஸ் அதை அப்படியே எழுதி, அடியில் கோடு போட்டார்.

மறுநாள் நால்வரும் மைதானத்துக்குப் போனார்கள். போகும்போது ஒரு சாக்குச் சிப்பி எடுத்துக்கொண்டார்கள். அறுபத்தொரு கோலும் வியாகுலத்துக்கு அத்துப்படி. ஒவ்வொரு முறையும் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தவன் அவன்தானே. அவன் கோலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கிளாரன்ஸ் அந்தந்த இடத்தில் ஒரு சிப்பியைப் போட்டார். தலைக்கு மேல் போன கோலுக்குச் சிப்பியை எங்கே போடுவது என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் அந்தச் சிப்பிகளை வியாகுலத்தின் தலையிலேயே வைத்து, அசையாதே என்றார்கள்.

மத்தியானம் கணக்கு முடிந்தது. இடது பக்கம் பதினாலு. வலது பக்கம் பதினாறு. தலையில் நாலு. மீதி இருபத்தேழும் ஒரே குவியலாக வியாகுலத்தின் இரண்டு கால்களுக்கும் நடுவில் கிடந்தன.

நால்வரும் குவியலைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“மாஸ்டர் மாஸ்டர்தான்,” என்றார் ராயப்பன். “ஆறு வருசமா நம்ம கண்ணுக்குப் படல பாத்தியளா. இந்த எடத்துக்குல்லா ஆள் எடுக்கணும்.”

“காலைச் சேத்து வச்சுக்கிட்டா என்ன?” என்று பயஸ் கேட்டான். கோரைத்துறையில் இப்படி நூறு வருடத்துக்கு ஒருமுறை அறிவு எட்டிப் பார்ப்பதுண்டு. ஆனால் தங்க விடமாட்டார்கள்.

“காலைச் சேத்து வச்சா மனுசன் விழுந்துருவான்,” என்றார் கிளாரன்ஸ். “விழுந்தா தலைக்கு மேல வழி பெருசாயிரும். ஒரு சன்னலை அடைக்கப் போயி கதவைத் திறந்து விடச் சொல்லுதியா?”

பயஸ் தலை குனிந்தான். வியாகுலத்துக்கோ போன உயிர் திரும்பி வந்தது. அவன் இடம் அவனுக்கே. ஆள் எடுப்பது அவன் இடத்துக்கு அல்ல, அதற்குச் சற்றுக் கீழே.

“ஆனா ஒண்ணு வியாகுலம்,” என்றார் ராயப்பன். “ஆளும் எடுத்துக் குடுத்து, மறுபடியும் கடைசின்னா, அந்தக் கையுறையைக் கழட்டி என் மேசையில வச்சிரணும்.”

வலைக் கயிற்றால் அவன் காலிடுக்கின் உயரத்தை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்.

ஆள் எடுக்கும் நாள் வந்தது. சாம்பியன் ஊரான கல்லடித்துறை மைதானத்தில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். அதில் ரீகனும் நின்றான். ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன். போன வருடம் கல்லடித்துறைக்காக முப்பது கோல் போட்டவன். ஆள் குள்ளம், ஓட ஆரம்பித்தால் நாய்கூடத் துரத்த யோசிக்கும்.

கோரைத்துறைக்காரர்கள் வந்தார்கள். “எல்லாரும் குத்தவச்சு உக்காருங்க,” என்றார் கிளாரன்ஸ். உட்கார்ந்தார்கள். வியாகுலம் காலை அகற்றி ஒவ்வொருவர் மேலாகவும் நடந்துபோனான். பாதிப் பேர் மேல் தட்டுத் தடுமாறி விழுந்தான். ரீகன் மேல் போனபோது மட்டும் தலைமுடிகூட உரசவில்லை.

“இவன்தான்!” என்று கத்தினார் ராயப்பன்.

மற்ற ஆறு ஊர்க்காரர்களும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். “போச்சுடே, கோரைத்துறைக்காரனுக்கும் புத்தி வந்துட்டு,” என்று கல்லடித்துறைத் தலைவர் பெருமூச்சு விட்டார். மனுஷன் அநியாயத்துக்குப் பயந்துவிட்டார்.

முதல் நாள் பயிற்சியில் ரீகன் பணிவாகக் கேட்டான். “எனக்கு எந்த எடம் அண்ணே? வலதா, இடதா?”

“கீழ,” என்றான் வியாகுலம்.

ரீகன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. கிளாரன்ஸ் சட்டப் புத்தகத்தைப் பிரித்து, சொன்ன இடத்தில் ஆடாதவனுக்கு என்ன கதி என்ற பக்கத்தைக் காட்டினார். ரீகன் குனிந்து போய் உட்கார்ந்தான்.

கோப்பை தொடங்கியது. கடற்கரையோரமே பார்த்திராத அளவுக்குக் கூட்டம். கோலில் வியாகுலம் காலை அகட்டிக்கொண்டு நிற்பான். கீழே முப்பது கோல் போட்டவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வியாகுலத்தால் இடமும் நகர முடியாது, வலமும் நகர முடியாது. நகர்ந்தால் ரீகன் வெளியே தெரிந்துவிடுவான். முதல் ஆட்டம் ஏழு கோல். இரண்டாவது ஒன்பது. எல்லாம் பக்கவாட்டில். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கிளாரன்ஸ் மைக் பிடித்து, “காலிடுக்கில் பூஜ்யம்!” என்று அறிவிப்பார். கோரைத்துறை வெடி வெடிக்கும். தோற்ற ஊர் வெடி வெடிப்பதைப் பார்த்து, ஜெயித்த ஊருக்குத் தாங்கள் ஜெயித்தோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஐந்து ஆட்டம் இப்படிப் போனது. ஆறாவது பூவரசன்துறையோடு. அவர்களும் அதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. தோற்பவர் கடைசி. வியாகுலம் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கையுறையை இரண்டு முறை கழற்றிப் பார்த்தான். உள்ளே இருந்த வெறும் கை யாருடையதோ மாதிரி இருந்தது.

நல்ல மழை. சேற்றில் பந்து உருள மறுத்தது. கடைசி ஐந்து நிமிடம் வரை யாருக்கும் கோல் இல்லை. அப்போது பூவரசன்துறைக்காரன் ஒருவன் உதைத்த பந்து சேற்றில் வழுக்கி, நேராக ரீகனின் மடிக்கு முன்னால் வந்து நின்றது.

ரீகன் பந்தைப் பார்த்தான். ஐந்து ஆட்டமாக அவன் அடக்கி வைத்திருந்தது என்னவோ ஒன்று அறுந்தது. பாய்ந்து வெளியே போனான். ஒருவனை ஏய்த்தான், மூவரை ஏய்த்தான், குறுக்கே வந்த பயஸையும் சேர்த்து ஏய்த்தான். வலை அதிர்ந்தது. கோரைத்துறை, கோல் ஒன்று!

வியாகுலம் துள்ளிக் குதித்தான். கையுறை தப்பியது, பெயர் தப்பியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. அடுத்த நொடி கால்களுக்கு நடுவில் சில்லென்று காற்றடித்தது. குனிந்து பார்த்தான். யாரும் இல்லை.

“ஐயோ! ரீகன் எடத்தை விட்டுட்டுப் போயிட்டான்!”

ராயப்பனும் கிளாரன்ஸும் மைதானத்துக்குள் ஓடினார்கள். கிளாரன்ஸ் குடையைக் கக்கத்தில் இடுக்கி, சட்டப் புத்தகத்தை மழையில் பிரித்து நடுவரிடம் நீட்டினார். “இந்தக் கோல் செல்லாது சார்.”

“யோவ், அது நீங்க போட்ட கோலுய்யா!”

“நாங்க போட்டதுதான். ஆனா முறையாப் போடல. இவனை எடுத்தது காலிடுக்குக்கு. இவன் கோல் போட்டா, கோல் போடுதவன் எதுக்கு இருக்கான்?”

“கோல் போடுதவன் யாரு?”

“அப்படி யாரும் இல்ல. அது வேற விசயம்.”

பயஸ் நடுவரின் காதில் ரகசியமாகச் சொன்னான். “சார், பக்கவாட்டு ரெண்டுக்கும் இன்னும் ஆள் எடுக்கணும். நாங்க ஜெயிச்சிட்டா முதல் கை போயிரும்.”

முப்பது வருடம் விசில் ஊதிய நடுவர், தன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். கோல் கோல்தான் என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். அவர் செல்லாது என்று சொல்லாவிட்டால் என்ன, நமக்கு மானம் இல்லையா என்று பயஸ் ரீகனை வெளியே அனுப்பினான். மிச்சம் இருந்த நாலு நிமிடத்தில் பூவரசன்துறை இரண்டு கோல் போட்டது. இரண்டும் வியாகுலத்தின் காலிடுக்கு வழியே.

“பாத்தியளா!” என்று கிளாரன்ஸ் வெற்றியோடு கையை உயர்த்தினார். “அவன் எழுந்து போனான், வழி திறந்துட்டு!”

மறுபடியும் கடைசி. வியாகுலம் கையுறையைக் கழற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். மேசைமேல் வைக்கப்போன கையைக் கிளாரன்ஸ் பிடித்துக்கொண்டார்.

“பொறுடே. வருசம் பூரா, ரீகன் உக்காந்திருந்த வரைக்கும் அந்த எடத்துல ஒரு கோல் விழல. அப்பம் கோல்கீப்பர் இருக்க வேண்டிய எடம் அதுதான். நீ நல்ல கோலிதாம்டே. பதினோரு வருசமா உன்னை ஒரு அடுக்கு மேல நிறுத்திப்பிட்டோம். தப்பு எங்க மேல.”

வியாகுலம் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனை இத்தனை சரியாக இதுவரை யாரும் புரிந்துகொண்டதில்லை.

இனி வேண்டியது, வியாகுலம் கீழே உட்கார, மேலே காலை அகட்டி நிற்க ஓர் ஆள். அவனைக் குத்தவைத்து உட்காரச் செய்து, உச்சந்தலைவரை அளந்து, கயிற்றில் புது முடிச்சுப் போட்டார்கள்.

மறு வருடம் கல்லடித்துறை மைதானம். வரிசையில் நின்ற ஒவ்வொரு பையனின் காலுக்கு நடுவிலும் வியாகுலம் நுழைந்து பார்த்தான். எல்லோர்மேலும் தலை இடித்தது. கோல் கோல்தான் என்று நடுவர் சொல்லிவிட்டதால் தடைக்குத் தப்பி வரிசையில் நின்ற ரீகன், அவனைக் கண்டதுமே காலைச் சேர்த்துக்கொண்டான். நெற்றி வீங்கி, வெயில் தாங்காமல், வியாகுலம் தள்ளாடிப் போய்க் கோல் கம்பத்துக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

ராயப்பன் பார்த்தார். கிளாரன்ஸ் கயிற்றோடு ஓடினார். இரண்டு கால். நல்ல அகலம். உயரம் எட்டடி. வியாகுலத்தின் தலைமுடிகூட உரசவில்லை.

“இவன்தான்!”

கல்லடித்துறைக்காரர்கள் எதிர்ப்பே சொல்லவில்லை. கடப்பாரை கொண்டுவந்து தோண்டிக் கொடுத்து, வண்டியிலும் ஏற்றிவிட்டார்கள். அடுத்த கைக்காரரான பூவரசன்துறைத் தலைவர் ரீகனின் பெயரைச் சொல்லுமுன்பே ரீகன் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டான். கிளாரன்ஸ் பதிவேட்டில் எழுதினார்: பெயர், கம்பம். இடம், வியாகுலத்துக்கு மேல்.

கோரைத்துறையில் பழைய கம்பத்துக்கு முன்னால் புதுக் கம்பத்தை நட்டார்கள். வியாகுலம் கையுறையை இறுக்கிக்கொண்டு அதன் கீழே போய்ப் பெருமையாகக் குத்தவைத்து உட்கார்ந்தான். பிறகு அண்ணாந்து பார்த்து, கம்பத்தின் காலைச் செல்லமாகத் தட்டிச் சொன்னான்:

“தம்பி, பந்து வந்தா நான் பாத்துக்கிடுதேன். நீ மட்டும் கோல் போடுதேன்னு எடத்தை விட்டு ஓடிராத.”