படிப்பகத்து வாசல்

மடத்துக்குப் புதிதாகப் படிப்பகம் கட்டியவர் அம்பலவாணன். பொறியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றபின், தன்னைவிட வயதில் இளைய தவசி சாமியிடம் சீடராகச் சேர்ந்தவர். "அறிவு தேடி வர்றவன் ஏறித்தான் வரணும்" என்று வாசலில் உயரமாகப் படிக்கட்டு வைத்தார். ஊரே மெச்சியது. ஊருக்கென்ன, கால் இருந்தது.

வியாழக்கிழமைதோறும் அங்கே பழம்பாடல்களைப் படித்துப் பொருள் சொல்ல வருவார் சண்பகவல்லி டீச்சர். நடக்க முடியாதவர், சக்கர நாற்காலிதான். வீட்டை விட்டு அவர் வெளியே வருவது அந்த ஒரு நாள் மட்டுமே. வாசலில் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே விடுவார்கள்.

ஒரு வியாழன் டீச்சர் வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. ஆளனுப்பிக் கேட்டதற்கு, "இனிமே வரல, மன்னிச்சிடுங்க" என்று பதில் வந்தது.

அம்பலவாணனுக்குச் சுருக்கென்றது. சாமியிடம் போனார்.

"பூ மாதிரி தூக்கிட்டு வந்தோமே சாமி. ஒருநாள் முகம் சுளிச்சிருப்போமா? ஏன் வர மாட்டேங்கிறாங்க?"

சாமி எழுந்தார். அவரைப் படிப்பகத்து வாசலுக்கு அழைத்துப் போய், ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"கால் தரையில படக் கூடாது. தூக்குங்கப்பா."

வழக்கமாகத் தூக்கும் அதே நாலு பேர்தான். முதல் படியிலேயே நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. அம்பலவாணன் ஒரு கையால் வேட்டியை இறுக்கிக்கொண்டார், மறு கையால் ஒருவன் தோளைப் பற்றினார்.

"யப்பா, என்ன கனம்!"

"உன் பக்கம் தாழுது பாருடா."

அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். பாதியில் ஒருவனுக்குக் கை வலித்தது. படியிலேயே இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று பார்த்தார்கள். ஒரு பெண் "ஐயோ பாவம்" என்றாள்.

"விடுங்க! நான் போறேன்." அம்பலவாணனுக்கு அவமானத்தில் குரல் உடைந்துவிட்டது.

"எங்கே?" என்றார் சாமி.

"வீட்டுக்கு."

"டீச்சரும் அங்கதான் இருக்காங்க."

அம்பலவாணன் நாற்காலியிலிருந்து எழுந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "பின்னால சமையற்கட்டுப் பக்கமா ஒரு சாய்தளம் போட்டுடறேன் சாமி. யார் கண்ணுலயும் படாம வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"அவங்க என்ன, திருடவா வர்றாங்க?"

"அப்போ முன்வாசலை இடிக்கணுமே! ஆசை ஆசையாக் கட்டினது சாமி. ஒருத்தருக்காகவா?"

சாமி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாரையும் ஒருநாள் நாலு பேர் தூக்கத்தான் போறாங்க. அன்னிக்கு நமக்கு ஒண்ணும் தெரியாது. டீச்சருக்கு வாரா வாரம் தெரிஞ்சுது."