கருப்பட்டிக் கம்பெனி யாருடையது?

பனங்காட்டு அணில் சலோமிக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் ஓயாமல் தின்னும். ஆனாலும் உலையில் அரிசி போடும்போதெல்லாம் அவள் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதை வேதக்கோயில் காணிக்கைப் பெட்டியில் கொட்டுவாள். காட்டில் எல்லாரும் அப்படித்தான். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஆமை அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சுவார். இல்லாதவர்களுக்கு வாரம் முழுவதும் அதுதான் சாப்பாடு.

ஒருநாள் சலோமி பெருச்சாளி அண்ணாச்சியின் கம்பெனியில் கருப்பட்டி வாங்கினாள். ஓலைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மூடியில் ஒரு நட்சத்திரப் பின்னல். கோயில் காணிக்கைப் பெட்டியிலும் அச்சு அசலாக அதே நட்சத்திரம்!

வேலியில் இருந்த ஓணான் தலையை ஆட்டினான்.

"உனக்குத் தெரியாதாக்கும்? கம்பெனியே கோயிலோடதுதான். பெருச்சாளி சும்மா பேருக்கு. நீங்க போடுற பிடி அரிசிதான் அதுக்கு முதலு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நட்சத்திரம் இருக்கே."

"உபதேசியாரைப் பாத்தா அப்படித் தெரியலையே. ஓடெல்லாம் விரிசல் விட்டுல்ல கிடக்கு."

"ஓட்டுக்குள்ள என்ன வச்சிருக்காருன்னு நீ பாத்தியா?"

சலோமி பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் மைனாவிடம் சொன்னாள். கீரியிடமும் சொன்னாள். பேச்சு வாய்க்கு வாய் வளர்ந்து, பொழுது சாய்வதற்குள் பக்கத்து உப்பளமும் கோயிலுடையது ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு எல்லாரும் வெறுங்கையோடு வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

மறுநாள் காலையில் சலோமியின் பொந்துக்குத் தூக்கணாங்குருவி தங்கபுஷ்பம் வந்தாள். புருஷனைப் பருந்திடம் பறிகொடுத்தவள். இரண்டு குஞ்சுகளை வைத்துக்கொண்டு தனியே பாடுபடுகிறவள். கையில் புதிய ஓலைப்பெட்டி ஒன்று.

"அக்கா, இதை வச்சுக்கிட்டு ஒரு பிடி அரிசி தாங்களேன். சின்னவ அழக்கூடத் தெம்பில்லாம கிடக்கா."

பெட்டி மூடியில் நட்சத்திரம் இருந்தது.

"இது கம்பெனிப் பெட்டில்லா? உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நான் முடைஞ்சதுதான்க்கா. கோயிலுக்கும் நான்தான், அண்ணாச்சிக்கும் நான்தான். எனக்கு இந்த ஒரு பின்னல்தான் வரும். அண்ணாச்சி கூலிக்குக் கருப்பட்டித் தூளைத் தருவாரு. அதைக் குஞ்சுகளுக்குச் சோறுன்னு கொடுக்க முடியுமா?"

"அப்ப கம்பெனி கோயிலோடது இல்லையா?"

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிறிஸ்மஸ் அன்னைக்கும் கடையைத் திறந்து வைக்கிற ஆளு அவரு, அக்கா."

"கோயில்ல கஞ்சி ஊத்தலையா?"

"பானையில ஒண்ணுமில்லக்கா. போன வாரம் உபதேசியார் தனக்குன்னு வச்சிருந்த அரிசியை எங்களுக்குக் காய்ச்சி ஊத்திட்டு, பச்சைத் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்கிட்டாரு. இந்த வாரம் அதுவும் இல்ல."

சலோமி உள்ளே ஓடினாள். வீட்டில் இருந்த அரிசியில் பாதியைப் பெட்டியில் அள்ளிப் போட்டாள். பெட்டியைத் தங்கபுஷ்பத்திடமே கொடுத்தாள். "நீ போய் முதல்ல உலைய வையி, தாயி" என்று அனுப்பிவிட்டு மைனாவிடம் ஓடினாள்.

"நான் சொன்னது பொய்."

மைனா கண்ணைச் சாய்த்துப் பார்த்தது. "ஓ, உனக்கும் கம்பெனியில பங்கு கொடுத்துட்டாங்களோ?"

கீரியும் அதையேதான் கேட்டது. சலோமிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டு நின்றால் கஞ்சி கொதிக்குமா? மீதி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். உபதேசியார் வெறும்பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பேச்சைப் பரப்பினது நான்தான்."

உபதேசியார் மெதுவாகத் தலையை ஓட்டுக்கு வெளியே நீட்டினார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சலோமி. கதவுகூட இல்லாத கோயில்தானே இது." அவ்வளவுதான் சொன்னார். பானையை நிமிர்த்தினார்.

சலோமி ஒவ்வொரு மரமாக ஏறினாள். "என்னை நம்ப வேண்டாம். தங்கபுஷ்பம் பெட்டி முடையிறதை வந்து பாருங்க" என்றாள். சிலர் திட்டினார்கள். சிலர் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் மறு ஞாயிறு ஒரு பிடி அரிசியோடு வந்தார்கள். பானை பாதிதான் நிறைந்தது. அன்று தங்கபுஷ்பத்தின் சின்னக் குஞ்சு இரண்டாம் முறையும் கஞ்சி கேட்டு, அலகைத் திறந்து கத்தியது.

உரியவரிடம் கேட்காமல் நாம் பரப்பும் பேச்சு, முதலில் பசித்த பிள்ளையின் கஞ்சியைத்தான் பறிக்கும்.