ஆளு மட்டும் போற சந்து

காலைல ஆறரை மணி ஆச்சு, நைட் டூட்டி முடிச்சு வந்திருக்க, கண்ண மூடு, கதை சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு காலனி, அறுபத்திரெண்டு வீடு, அதுல கடைசி வீட்டுல ஒரு ஞானதுரை. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டினவரு. இப்போ கண்ணு மங்கிப்போச்சு, லைசென்ஸ் போச்சு, ஸ்கூட்டரையும் வித்தாச்சு. சம்சாரம் இல்ல, தனி ஆளு. கேக்குறியா?

"ம்."

அவரு வீட்டுக்குப் பின்னாடி ஏழடிச் செவுரு. அந்தப் பக்கம் நாப்பதே அடியில காய்கறிக் கடை, பஜ்ஜிக் கடை, டாக்டர், பஸ் ஸ்டாப், எல்லாம். பஜ்ஜி போட்டா சொர்ர்னு இவரு கட்டில் வரைக்கும் கேக்கும். ஆனா போகணும்னா? காலனி கேட்டு பைபாஸ் பக்கம். பாலத்துக்கு அடியில திரும்பி மூணு கிலோமீட்டர். கொத்தமல்லி வாங்கக்கூட வீட்டுக்கு வீடு புர்ர் புர்ர்னு ஸ்கூட்டர் கிளம்பும். வண்டி இல்லாதவங்க பையக் கயித்துல கட்டி செவுத்து மேல விடுவாங்க. கடைக்கார அஞ்சலையம்மா தக்காளி போட்டு அனுப்பும். பொதக்! பாதி ரசத்துக்குத்தான் ஆகும்.

அப்போ ஓசூர்லேருந்து மகன் ஸ்டீபன் போன் பண்ணான். "கடைக்குக்கூட போக முடியாம அங்க எதுக்குப்பா? ஞாயித்துக்கிழமை வேனோட வர்றேன். சாமானக் கட்டி வைங்க."

ஞானதுரைக்கு ஓசூர்ல யாரத் தெரியும்? நேரா காலனி செகரட்டரி திரவியத்துகிட்ட போனாரு. "செவுத்துல ஒரு சந்து விடுங்க சார்."

"மாடு வரும். பைக்கு வரும். திருடன் வருவான்."

"ஆளு மட்டும் வர்ற மாதிரி விடுறேன். எந்தத் தெருவுலயும் ஒரு விரக்கடை மிச்சம் வச்சு பஸ்ஸ எடுத்தவன் நான்."

"மூணு நாளு பாப்போம். மூணுல ஒண்ணு வந்தாலும் அடைச்சுருவேன்."

அப்புறம் கொத்தனாரக் கூப்ட்டு, சாண் போட்டு அளந்து, நடுவுல ஒரு வளைவு வச்சு சந்து விட்டாரு. ரெண்டு பெஞ்சும் போட்டாரு.

வியாழக்கிழமை மாடு வந்துச்சு. கொம்பு டொக்குனு இடிச்சுது. ம்மான்னு சொல்லிட்டுத் திரும்பிப்போச்சு.

வெள்ளிக்கிழமை பைக்கு வந்துச்சு. வளைவுல ஹாண்டில் திரும்பல. டொம்! ஓட்டிட்டு வந்தவன் தள்ளிக்கிட்டே பின்னாடி போனான்.

சனிக்கிழமை தெரியாத ஆளு ஒருத்தன் நைசா நுழைஞ்சான். பெஞ்சுல முருங்கைக்கீரை உருவிட்டு இருந்த பொம்பளைங்க விடுவாங்களா? "யாரு வேணும்? எந்த வீடு? பையில என்ன?" அவன் வேர்த்துப்போயி, "நான் திரவியத்தோட மச்சான்க்கா, சும்மா பாத்துட்டு வரச்சொன்னாரு"ன்னுட்டான். அவனுக்கு ஒரு காபி குடுத்து அனுப்பிச்சாங்க. தூங்கிட்டியா?

"...ம்."

அப்போ செகரட்டரியே வந்தாரு. நுழைஞ்சாரு. வளைவுல தொப்பை மாட்டிக்கிச்சு.

"மாடும் வரல, பைக்கும் வரல, நீங்களும் வரல. அளவு சரிதான் சார்"னு அஞ்சலையம்மா அந்தப் பக்கத்துலேருந்து சொல்லிச்சு.

"ஆளு போக முடியலன்னா அதென்ன சந்து? நாளைக்கே அடைங்க!"

ஞானதுரைக்கு விடிஞ்சா வேன். ஓடிப்போயி செகரட்டரி முதுகுல கைய வச்சாரு. "சார், மூச்ச உள்ள இழுங்க. லேசா எடது ஒடிங்க. வரட்டும்... வரட்டும்... ஆங், போலாம், ரைட்!"

டப்புனு சட்டைப் பொத்தான் ஒண்ணு தெறிச்சுது. செகரட்டரி நேரா பஜ்ஜிச் சட்டி முன்னால நின்னாரு. ரெண்டு சாப்ட்டாரு. அப்புறம் சந்து அடைக்கிற பேச்சே எடுக்கல.

ஞாயித்துக்கிழமை வேன் வந்துச்சு. வீடு பூட்டியிருந்துச்சு. ஸ்டீபன் பதறிப்போயி நிக்கும்போது சந்துலேருந்து அப்பா வர்றாரு, கையில ஒரு பை தக்காளி. ஒண்ணுகூட நசுங்கல. வேன் காலியாத் திரும்பிச்சு.

கொஞ்ச மாசம் கழிச்சு, 2023 மே 28, ஞாயித்துக்கிழமை, எல்லாம் நடக்குற தூரத்துல இருக்கேன்னு ஸ்டீபன் ஓசூர் வீட்டக் காலி பண்ணிட்டு அப்பா வீட்டுக்கே குடிவந்தான். சாமானெல்லாம் வேன்ல கேட்டு வழியா வந்துச்சு, அவன் சந்து வழியா வந்தான்.

ம் சத்தம் நின்னுபோச்சு. சரி, கதையும் நின்னாச்சு. தூங்கு.